பதினெட்டு வயதுக்குள் படிக்க வேண்டிய நூல்கள்

நம் ஊர்களில் புதுவீடு கட்டிக் குடிபுகுவோர் முன்கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி அமைப்பது வழக்கமாகிவிட்டது. அதில் வெளிநாட்டுப் பீங்கான் கோப்பைகள் அடுக்கப்பட்டிருக்கும். அத்தர்ச் சீசாக்கள் இருக்கும். மேல்தட்டில் பட்டுத்துணியில் பொதிந்த திருக்குர்ஆன் இருக்கும். பிள்ளைகள் எடுத்துப் படிப்பதற்கென்று நூல்கள் வைக்கப்பட்ட ஒரு தட்டு இருக்கிறதா என்று பார்த்தால், பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும்.

கல்வியின் சிறப்பைப் பற்றி நம் மீலாது மேடைகளில் பேசாதவர் இல்லை. அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு முதன்முதலாக அருளப்பட்ட திருவசனங்கள் ஓதுதலைப் பற்றியவை என்பதை மத்ரஸாவில் பயிலும் சிறுபிள்ளையும் அறியும். ஆயினும் அந்தப் பிள்ளை வீடு திரும்பினால், பள்ளிப் பாடநூலுக்கும் தேர்வுக்கான கைடுக்கும் அப்பால் அதன் கைக்கு எட்டும் நூல் எது?

ஆண்பிள்ளைகளில் பலருக்குத் தேர்வு முடிந்ததும் வாசிப்பும் முடிந்துவிடுகிறது. அடுத்து அவர்கள் கையில் ஏறுவது பாஸ்போர்ட். பெண்பிள்ளைகள் கல்லூரிக்குச் செல்வது இன்று பெருகியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. எனினும், மணம் பேசி முடித்தவுடன் படிப்பை நிறுத்திவிடும் வீடுகள் இன்னும் இருக்கவே செய்கின்றன. பள்ளியை நிறுத்துவோர் அத்துடன் வாசிப்பையும் நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் பெரிய இழப்பு. பத்து வயதிலிருந்து பதினெட்டு வயதுவரை உள்ள எட்டு ஆண்டுகளில் மகனுக்கும் மகளுக்கும் வேறுபாடின்றிச் சில நல்ல நூல்களை வீட்டிலேயே கொடுத்துவிட வேண்டும். பிற்காலத்தில் எந்தக் கதவு அடைபட்டாலும், அந்த நூல்கள் அவர்களிடமே இருக்கும்.

வாசித்த வீடுகள் நம் வீடுகள்

இது நமக்குப் புதிய பழக்கமன்று. அரபி எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் நூல்களை நம் பாட்டிமார் வீட்டுக்குள் இருந்தே கற்றனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் அரபுத்தமிழில் எழுதிய மார்க்க நூல்கள் சமையற்கட்டுவரை சென்றன. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பெண்கள் கூடியிருந்து மாலைகளையும் முனாஜாத்துகளையும் பாடினர். கீழக்கரை செய்யிது ஆசியா உம்மா ஞானப் பாடல்களே இயற்றினார். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் 5,027 பாடல்கள் உள்ளன. புலவர் ஒருவர் பாடிப் பொருள் சொல்ல, ஊரார் பல இரவுகள் அமர்ந்து அதனைக் கேட்ட காலமும் இருந்தது.

அந்தப் பழக்கம் எங்கோ அறுந்தது. அரபுத்தமிழ் வழக்கொழிந்தபோது, அதன் இடத்தில் தமிழ் நூல் ஒன்றை வைக்க நாம் மறந்துவிட்டோம். பழைய கிதாபுகள் பரண்மேல் ஏறின. அலமாரிக்குப் பீங்கான் வந்தது.

மூன்றாம் வகுப்பு படித்த நாவலாசிரியை

பள்ளிக்கூடம் நின்றாலும் வாசிப்பு நிற்க வேண்டியதில்லை என்பதற்கு நாகூரிலேயே சான்று உண்டு. சித்தி ஜுனைதா பேகம் பள்ளியில் கற்றது மூன்றாம் வகுப்புவரைதான். வீட்டிலிருந்தபடியே படித்துப் படித்துத் தமிழைத் தம்முடையதாக்கிக் கொண்டார். 1938ஆம் ஆண்டில் ‘காதலா? கடமையா?’ என்னும் நாவலை வெளியிட்டார். அந்நூலுக்கு முன்னுரை வழங்கியவர் தமிழ்த்தாத்தா உ.வே. சாமிநாதையர் அவர்கள். ஒரு முஸ்லிம் பெண் நாவல் எழுதுவதையே பலர் ஏற்காத காலம் அது.

வங்காளத்தில் 1880இல் பிறந்த ரொக்கையா சகாவத் ஹுசைன் அம்மையாரின் வரலாறும் இத்தகையதே. பெண்பிள்ளைகள் வங்காளமும் ஆங்கிலமும் கற்பதை அவருடைய தந்தையார் விரும்பவில்லை. வீட்டார் உறங்கிய பிறகு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய தமையனார். அந்தத் தங்கை பிற்காலத்தில் ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ என்னும் சிறுகதை 1905ஆம் ஆண்டில் நம் சென்னையிலிருந்து வெளிவந்த ஒரு மாதர் இதழில்தான் முதலில் அச்சேறியது. 1911இல் கல்கத்தாவில் எட்டு மாணவியருடன் அவர் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். ஓர் அண்ணன் இரவில் செலவிட்ட சில மணி நேரம் எத்தனை குடும்பங்களுக்குப் பயன்பட்டது என்பதை நம் வீட்டு அண்ணன்மார் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பத்து முதல் பன்னிரண்டு வயது வரை

இவ்வயதுப் பிள்ளைக்கு அறிவுரை நூல்களை அள்ளிக் கொடுத்தால் வாசிப்பே கசந்துவிடும். கதை சொல்லும் நூல்களே முதலில் வேண்டும்.

‘டோட்டோ-சான்’ என்னும் ஜப்பானிய நூல் தமிழிலும் கிடைக்கிறது. பழைய ரயில் பெட்டிகளையே வகுப்பறைகளாகக் கொண்ட ஒரு பள்ளியின் கதை அது. ஒரு பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட சிறுமியை அங்குள்ள தலைமையாசிரியர் கோபயாஷி உட்கார வைத்து, மணிக்கணக்காக அவள் பேசுவதைக் கேட்கிறார். கடலில் கிடைப்பதில் கொஞ்சமும் மலையில் விளைவதில் கொஞ்சமும் உணவில் இருக்க வேண்டும் என்பது அவர் வகுத்த எளிய முறை. இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய தோழனை டோட்டோ-சான் மரத்தின்மீது ஏற்றிவிடும் பகுதியைப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். இந்நூலைப் பெற்றோரும் படித்தல் நலம்.

1928ஆம் ஆண்டுக் கோடையில் முசூரியிலிருந்த தம் பத்து வயது மகளுக்கு ஜவஹர்லால் நேரு அலகாபாத்திலிருந்து எழுதிய கடிதங்கள் முப்பது. பூமி தோன்றியதும், மனிதன் பேசக் கற்றதும், நாகரிகங்கள் பிறந்ததும் அவற்றில் எளிமையாகச் சொல்லப்படுகின்றன. வெளிநாட்டில் பணிபுரியும் வாப்பாமார் இதனைப் படித்தால், தொலைபேசியில் மதிப்பெண் கேட்பதோடு நில்லாமல் பிள்ளைகளிடம் வேறு எவற்றையெல்லாம் பேசலாம் என்பது விளங்கும்.

பதின்மூன்று முதல் பதினைந்து வரை

பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்கும் பருவம் இது. ‘ஏன்?’ என்று கேட்கும் பிள்ளையை அதட்டி அமர்த்துவதைவிட, கேள்வி கேட்டவர்களின் வரலாற்றைக் கையில் கொடுப்பது மேல்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த இப்னு துஃபைல் என்னும் மருத்துவ மேதை எழுதிய கதை ‘ஹய் இப்னு யக்ழான்’. ஆளற்ற தீவில் மான் பாலூட்டி வளர்த்த ஒரு குழந்தை, கண்ணால் கண்டும் மனத்தால் ஆராய்ந்தும், தன்னைப் படைத்தவன் ஒருவன் உண்டு என்னும் முடிவுக்கு வருகிறது. 1671இல் லத்தீனிலும் 1708இல் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்ட நூல் இது. ராபின்சன் குரூசோ கதை வெளிவந்தது அதற்குப் பிறகு, 1719இல்தான். தன் அறிவைப் பயன்படுத்துவது இறைநம்பிக்கைக்குப் பகையன்று என்பதை இக்கதை உரக்கச் சொல்லாமலே உணர்த்திவிடும்.

ஊர் சுற்றும் ஆசையுள்ள பிள்ளைக்கு இப்னு பதூதாவின் பயண வரலாற்றைத் தரலாம். மொராக்கோ நாட்டுத் தஞ்சாவிலிருந்து 1325இல் தம் இருபத்தோராம் வயதில் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உலகைச் சுற்றினார். இலங்கையில் ஆதம் மலை ஏறினார். மதுரையில் சுல்தான்கள் ஆண்ட நாளில் நம் சோழமண்டலக் கரைக்கும் வந்தார். அரபு நாட்டார் இக்கரையை மஅபர் என்று அழைத்தனர். தன் ஊர்க் கடற்கரை உலக வரைபடத்தில் எங்கே இருந்தது என்பதை அறியும் பிள்ளைக்குத் தன்னைப் பற்றிய தாழ்வு மனப்பான்மை நீங்கும்.

கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்திலெவ்வை 1885இல் எழுதிய ‘அஸன்பேயுடைய கதை’ தமிழின் முதல் நாவல்களுள் ஒன்று. எகிப்தில் பிறந்து கடத்தப்பட்ட குழந்தை பம்பாயில் வளர்ந்து பல இன்னல்களைக் கடக்கும் வீரக்கதை. நடை பழையது. முதல் சில பக்கங்களைப் பெரியவர் ஒருவர் உடனிருந்து படித்துக் காட்டினால், அடுத்த பக்கங்களைப் பிள்ளை தானே படித்துக்கொள்ளும்.

அப்துல் கலாம் அவர்களின் ‘அக்னிச் சிறகுகள்’ நம் வீடுகள் பலவற்றில் ஏற்கெனவே இருக்கிறது. ராக்கெட்டைப் பற்றிய பகுதிகளைப் பாராட்டும் நாம் ராமேசுவரத்தைப் பற்றிய பக்கங்களையும் ஊன்றிப் படித்தல் வேண்டும். மாணிக்கம் என்னும் பெரியவர் தம் வீட்டிலிருந்த நூல்களைச் சிறுவன் கலாமுக்கு இரவலாகக் கொடுத்து, படிக்கத் தூண்டினார். உறவினர் சம்சுதீன் அவ்வூருக்கு நாளிதழ்களைத் தருவித்து விற்றார். ஜலாலுதீன் அந்தச் சிறுவனோடு உலகத்தைப் பற்றி உரையாடினார். ஒரு மேதை உருவாவதற்கு, நூல் இரவல் கொடுக்கும் பெரியவர் ஒருவர் ஊரில் இருந்தாக வேண்டும்.

ஆன் ஃபிராங்க் என்னும் யூதச் சிறுமியின் நாட்குறிப்பையும் இவ்வயதில் தர வேண்டும். 1942இல் பதின்மூன்றாம் பிறந்தநாளுக்குக் கிடைத்த குறிப்பேட்டில், ஆம்ஸ்டர்டாம் நகரத்து மறைவிடத்திலிருந்து ஈராண்டுகளுக்கு மேல் எழுதினாள். பிடிபட்டு, 1945இல் நாஜிகளின் முகாமில் பதினைந்து வயதில் மாண்டாள். யூதச் சிறுமியின் நூலை நாம் ஏன் தர வேண்டும் என்று கேட்போர் இருக்கலாம். ஒரு சமயத்தில் பிறந்ததற்காகவே ஒரு பிள்ளை வேட்டையாடப்படுவது எத்தகைய கொடுமை என்பதை உணர்ந்த பிள்ளை, எவருக்கும் அதனைச் செய்யாது. எவருக்கு நேர்ந்தாலும் பார்த்துக்கொண்டிருக்காது.

பதினாறும் பதினேழும்

இனி, வாழ்க்கையின் கசப்பையும் சொல்லும் நூல்களைத் தரலாம்.

வைக்கம் முகம்மது பஷீரின் ‘பால்யகால சகி’ 1944இல் மலையாளத்தில் வெளிவந்தது. ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் எத்தனை என்று ஆசிரியர் கேட்க, இரண்டு ஆறுகள் கலந்து ஒரே பெரிய ஆறாக ஓடியதைக் கண்டிருந்த சிறுவன் மஜீது, ‘கொஞ்சம் பெரிய ஒன்று’ என்னும் பொருளில் விடை சொல்லி அடி வாங்குகிறான். சிரித்துக்கொண்டே படிக்கத் தொடங்குபவர் கண்ணீரோடுதான் நூலை மூடுவார். அவருடைய ‘எங்க உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது’ நூலில், தாத்தாவின் யானைப் பெருமையை ஓயாது பேசும் தாயும், எழுத்தறியாத மகள் குஞ்ஞுபாத்தும்மாவும் வருகிறார்கள். அயல்வீட்டுக்கு வரும் படித்த பெண் ஆயிஷா அவளுக்கு எழுத்துக் கற்றுத் தருகிறாள். குடும்பப் பெருமை பேசிப் பேசியே கல்வியை இழந்த வீடுகள் நம்மிடையிலும் உண்டு. அவர்களுக்கு இதைவிட இனிய மருந்து இல்லை. குளச்சல் மு. யூசுப் அவர்களின் மொழிபெயர்ப்பால் பஷீர் தமிழிலேயே எழுதியவர்போல நமக்கு நெருங்கிவிட்டார்.

தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ முதலில் முஸ்லிம் முரசு இதழில் தொடராக வந்து, 1988இல் நூலாயிற்று. ஊருக்குள் ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருவதை எதிர்க்கும் முதலாளியும், அவருக்குப் பணியாத சுறாப்பீலி வியாபாரி மஹ்மூதும் அதில் மோதுகிறார்கள். மார்க்கத்தின் பெயரால் அறியாமையைக் காத்தவர்கள் யார், அதனால் அழிந்தவர்கள் யார் என்று நம்மவர் ஒருவரே கேட்ட கேள்வி அது. நம் குறையை நாமே பேசும் துணிவு ஒரு சமுதாயத்தின் நலிவைக் காட்டாது, நலத்தையே காட்டும்.

காந்தியடிகளின் ‘சத்திய சோதனை’யில், பதினைந்து வயதில் செய்த ஒரு திருட்டைத் தந்தையிடம் எழுதி ஒப்புக்கொண்ட பகுதி வருகிறது. தந்தை ஒன்றும் பேசாமல் கண்ணீர் வடித்து அக்கடிதத்தைக் கிழித்துவிடுகிறார். தவறு செய்த பிள்ளையிடம் எப்படி நடந்துகொள்வது என்பதற்கும் இது ஒரு பாடம். உ.வே.சா. அவர்களின் ‘என் சரித்திரம்’, கற்க வேண்டும் என்னும் வேட்கை ஒரு ஏழைப் பிள்ளையை எத்தனை ஊர்களுக்கு நடக்க வைத்தது என்பதைக் கூறும். சைவராகிய அவர் சீவக சிந்தாமணியின் பொருளைச் சமணர்களிடம் சென்று கேட்டறிந்த பகுதி, பிற சமயத்தாரிடம் பணிவோடு கற்பது இழுக்கன்று என்பதைக் காட்டும்.

இவற்றுடன் இரண்டைக் கட்டாயமாகச் சேர்க்க வேண்டும். நம் பிள்ளைகள் திருக்குர்ஆனை ஓதி முடித்ததற்கு விருந்து வைக்கிறோம். ஆனால் பொருளறிந்து ஒருமுறையேனும் முழுமையாகப் படித்தவர் அவர்களுள் எத்தனை பேர்? ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி அவர்களின் தர்ஜமா தொடங்கிப் பல தமிழாக்கங்கள் இன்று உள்ளன. நாளொன்றுக்கு இரண்டு பக்கம் போதும். அடுத்து, நபிகளாரின் (ஸல்) வாழ்க்கை வரலாறு ஒன்றை முதற்பக்கம் முதல் இறுதிப்பக்கம்வரை படித்திருக்க வேண்டும். மேடையில் கேட்ட துணுக்குகள் வரலாறாகிவிடா.

பெற்றோரின் அச்சங்கள்

‘கதைப் புத்தகம் படித்தால் பெண்பிள்ளை கெட்டுப் போவாள்’ என்னும் சொல்லை நம் வீடுகளில் இன்றும் கேட்கலாம். அதே வீட்டில் தொலைக்காட்சித் தொடர் இரவு பத்து மணிவரை ஓடுகிறது. கைபேசி பிள்ளையின் தலையணைக்கடியில் உறங்குகிறது. எவரென்றே தெரியாதவர் அனுப்பும் செய்திகளைத் தடுக்காத நாம், ஆய்ந்து எழுதப்பட்ட நூலைத் தடுப்பது முறையா?

அச்சம் முழுவதும் ஆதாரமற்றது என்று சொல்லவும் கூடாது. எல்லா நூலும் எல்லா வயதுக்கும் ஏற்றவையல்ல. அதற்கு வழி, பூட்டி வைப்பதன்று, உடன் படிப்பது. ‘பால்யகால சகி’யை மகள் படித்து முடித்த அன்று உம்மாவும் படித்திருந்தால், இருவரும் பேசுவதற்கு எவ்வளவோ இருக்கும். வேறு எவ்வகையிலும் தொடங்க முடியாத பேச்சுகளை ஒரு கதை எளிதாகத் தொடங்கி வைக்கும்.

‘படித்தாயா? சொல் பார்க்கலாம்’ என்று தேர்வு வைக்கவும் வேண்டா. பிடிக்காத நூலைப் பாதியில் மூடிவைக்கும் உரிமை பிள்ளைக்கு உண்டு. வாப்பா கையில் பிள்ளைகள் ஒருநாளும் நூலைக் காணாத வீட்டில், பிள்ளைக்கு மட்டும் ‘படி, படி’ என்று சொல்வது பயன் தராது.

இதில் ஆண்பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். பதினெட்டு, பத்தொன்பது வயதில் கடல் கடந்து செல்லும் பிள்ளை, பத்துப் பேர் தங்கும் அறையில் தனிமையை எதைக்கொண்டு நிரப்புவான்? வெறுப்பை விதைக்கும் பேச்சு, அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும், வரலாறு அறியாத இளைஞனையே முதலில் பற்றுகிறது. தன் வரலாற்றையும் பிறர் துயரத்தையும் படித்தறிந்தவனை அது அத்துணை எளிதில் பற்றாது.

நூல்கள் எங்கே கிடைக்கும்?

விலை கொடுத்து எல்லாவற்றையும் வாங்க வேண்டும் என்பதில்லை. விடுதலை பெற்ற இந்தியாவில் பொது நூலகச் சட்டத்தை முதலில் இயற்றிய மாநிலம் நம் அன்றைய சென்னை மாநிலமே; ஆண்டு 1948. நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலகத்துக்கான வரியும் சேர்ந்தே வசூலிக்கப்படுகிறது. வரியைக் கட்டிவிட்டு நூலகத்தின் வாசலை மிதிக்காமல் இருப்பது, காசு கொடுத்த பண்டத்தைக் கடையிலேயே விட்டு வருவதைப் போன்றது. சிறு தொகை செலுத்தினால் கிளை நூலகத்தில் உறுப்பினராகலாம். மகனுக்கு ஓர் அட்டை, மகளுக்கு ஓர் அட்டை எடுத்துக்கொடுங்கள். மகள் தனியே செல்வதில் தயக்கமிருந்தால் வாரம் ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள்.

ஜமாஅத்தார் மனம் வைத்தால் பள்ளிவாசல் வளாகத்தில் ஓர் அறையை நூலகமாக்கலாம். பெண்களுக்கெனத் தனி நேரம் ஒதுக்கலாம். நிக்காஹ் விருந்துக்குச் செலவிடும் தொகையில் ஒரு சிறு பங்கு போதும், ஐம்பது நல்ல நூல்களை வாங்கிவிடலாம். பெருநாள் காசு கொடுக்கும் பெரியவர்கள் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு நூலும் சேர்த்துக் கொடுக்கலாம். மணமகளுக்குக் கொடுத்தனுப்பும் சாமான்களோடு அவள் படித்த நூல்களும் செல்லட்டும். அவள் பெறும் பிள்ளைகளுக்கு அவையே முதல் நூலகமாகும்.

மேலே கூறிய பட்டியல் முடிந்த முடிபன்று. வாசகர்கள் தத்தம் பிள்ளைகளின் இயல்பறிந்து கூட்டியும் குறைத்தும் கொள்ளலாம். ஆண்டுக்கு இரண்டு நூல் என்று கணக்கிட்டாலும் எட்டு ஆண்டுகளில் பதினாறு நூல்களைப் படித்துவிடலாம். இதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. கண்ணாடி அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்தால் போதும்.

இன்று உங்கள் வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருக்குமானால் உங்களுக்கு எட்டு ஆண்டுகள் உள்ளன. பதினாறு வயது மகள் இருப்பாளானால் இரண்டே ஆண்டுகள். இன்ஷா அல்லாஹ், இவ்வாரமே முதல் நூலை அவள் கையில் கொடுங்கள்.